கணவரின் ரிப்போர்ட் எங்கே?

கருத்தரிப்பு மருத்துவமனைக்கு வரும் தம்பதியரின் கதையில் பாதியை அவர்கள் கையிலிருக்கும் ஃபைலே சொல்லிவிடும். கல்யாணமாகி நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். மனைவிக்கு எடுத்த ஸ்கேன்கள் ஒரு கட்டு. தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை என்று ரத்தப் பரிசோதனைகள் இன்னொரு கட்டு. கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ‘டியூப் டெஸ்ட்’ எக்ஸ்ரே, சிலருக்கு லேப்ராஸ்கோப்பி செய்த சி.டி. கடைசிவரை புரட்டினாலும் கணவர் பெயரில் ஒரு தாள் தேறாது. கேட்டால், “அவருக்கு ஒண்ணும் இல்லைங்க” என்று பதில் வரும். பெரும்பாலும் மனைவியிடமிருந்தே.

ஒன்றுமில்லை என்று எப்படித் தெரியும்? தாம்பத்தியத்தில் குறையில்லை, ஆகவே அவரிடம் குறையில்லை. அவ்வளவுதான் கணக்கு. ஆனால், குழந்தையின்மைக்காக மருத்துவரிடம் வரும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. ஐந்தில் ஒரு தம்பதிக்கு ஆண் தரப்பு மட்டுமே காரணம். இதைக் கண்டுபிடிக்கும் விந்துப் பரிசோதனைக்குச் செலவு சில நூறு ரூபாய். ஊசி கிடையாது, மயக்க மருந்து கிடையாது. முதலில் செய்ய வேண்டிய இந்தப் பரிசோதனை நம் வீடுகளில் கடைசியாகத்தான் நடக்கிறது, அதுவும் பல நேரங்களில் கெஞ்சிக் கூத்தாடிய பிறகு. அரசமரத்தை நம்பிப் புருஷனைக் கைவிட்டாளாம் என்று கிராமத்தில் கேலியாகச் சொல்வார்கள். மரத்தின் இடத்தில் இப்போது ஸ்கேன் மெஷின் வந்திருக்கிறது.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கணக்குச் சொன்னது. இவ்வளவு பரவலான ஒரு விஷயத்தைச் சுற்றி இவ்வளவு தவறான நம்பிக்கைகள் இருப்பதில் ஆச்சரியமில்லை. அவற்றில் பல, ஒரு பாவமும் அறியாதவை. சில மட்டும் வருடங்களைத் தின்றுவிடும். இந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

‘ஆண்மை’ வேறு, அணு வேறு

விந்து என்று வெளிவரும் திரவத்தில் மிகப் பெரும்பகுதி, புராஸ்டேட் முதலான சுரப்பிகளில் ஊறுவது. அதில் விந்தணுக்களின் பங்கு சில சதவீதம்தான். ஒரு அணுகூட இல்லாத விந்தும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். நூறு ஆண்களில் ஒருவருக்கு இப்படி அணுவே இல்லாத நிலை இருக்கிறது. அவர்களில் பலருக்கும் தாம்பத்தியத்தில் எந்தச் சிரமமும் இருப்பதில்லை. ஆகவே “கெட்டியாக இருக்கிறது”, “தண்ணியாகப் போகிறது” என்று கண்ணால் பார்த்துச் சொல்லும் தீர்ப்புகளுக்கு மதிப்பில்லை. மைக்ராஸ்கோப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இது தெரியாததால்தான், “அவனுக்கு வேற ஒருத்தியைக் கட்டிவைங்க” என்ற பேச்சு இன்னமும் சில ஊர்களில் எடுபடுகிறது. முதல் மனைவியைத் தள்ளிவைத்து இரண்டாவது கல்யாணம் செய்து, அவளும் கருத்தரிக்காமல் இருந்து, இரண்டு பெண்களுக்கும் மலடிப் பட்டம் கட்டிய பிறகும் அந்த ஆணைப் பரிசோதனைக்கு அனுப்பத் தோன்றாத குடும்பங்கள் உண்டு.

இன்னொரு பக்கம், ஆண்களுக்கென்றே தனியாக ஒரு பயமுறுத்தல் தொழில் நடக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் வைத்தியர்களின் விளம்பரங்களை யார்தான் பார்த்ததில்லை? இளமையில் செய்த தவறால் நரம்பு தளர்ந்துவிட்டது, நாற்பது துளி ரத்தம் ஒரு துளி விந்து, சேமிக்காவிட்டால் வாரிசு கிடையாது. இதில் ஒரு வரிகூட உண்மையில்லை. விந்தணு தினந்தோறும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகிக்கொண்டே இருப்பது. சுயஇன்பத்தால் குறைவதில்லை, பல நாள் அடக்கிவைத்தால் தரம் கூடுவதும் இல்லை.

உண்மையில் அணுவைக் குறைப்பவை வேறு. முதலில் சொல்ல வேண்டியது, உடம்பை ஏற்ற ஜிம்மில் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண் ஹார்மோன்தானே, ஆண்மை கூடும் என்று நினைத்துப் போடுகிறார்கள். நடப்பது தலைகீழ். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை, விதைப்பைக்கு அனுப்பும் சமிக்ஞையை நிறுத்திவிடுகிறது. அணு உற்பத்தி சரிந்து, சிலருக்குப் பூஜ்யத்துக்கே வந்துவிடுகிறது. ஊசியை நிறுத்திய பிறகு பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அடுத்து சிகரெட், குட்கா, அளவு மீறிய மது, உடல் பருமன். பருவ வயதுக்குப் பின் வந்த பொன்னுக்குவீங்கி சிலருக்கு விதைப்பையையும் தாக்கியிருக்கலாம். விதைப்பை உடம்பின் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும்; நாள் முழுதும் பாய்லர், அடுப்பு, உலைக்கு முன்னால் நிற்பவர்களுக்கு அது சிக்கல். விதைப்பையில் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொள்ளும் ‘வெரிகோசீல்’, ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு இருக்கிறது. குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது. தேவைப்படுபவர்களுக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கும்.

ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்கும். இன்றைக்கு சிகரெட்டை விட்டவர் அடுத்த வாரமே ரிப்போர்ட்டில் மாற்றத்தைத் தேடக் கூடாது. மூன்று மாதம் கழித்துப் பார்க்க வேண்டும். அதேபோல மூன்று மாதத்துக்கு முன்னால் வந்த கடும் காய்ச்சல்கூட இன்றைய ரிப்போர்ட்டைக் கெடுத்திருக்கலாம். அதனால்தான் ஒரு ரிப்போர்ட் சரியில்லை என்றால் இடைவெளி விட்டு மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் ஒரு வீண் பீதி உண்டு. ‘சரியான வடிவம் கொண்டவை 4 சதவீதம்’ என்று பார்த்ததும், மீதி 96-ம் ஊனம் என்று இடிந்துபோகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி 4 சதவீதமே போதுமானது. ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள் என்பது கீழ்வரம்பு. ஓராண்டுக்குள் மனைவி கருத்தரித்த ஆண்களை எடுத்து, அவர்களிலும் மிகக் குறைவான 5 சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் போட்ட கோடு அது. கோட்டுக்குக் கீழே இருந்தால் தாமதமாகலாம், நடக்கவே நடக்காது என்று அர்த்தமில்லை. பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி வேண்டும். லேபில் எடுக்கக் கூச்சமாக இருந்தால், கேட்டுக்கொண்டு வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுக்கலாம். பல கணவர்கள் தயங்குவது முடிவுக்குப் பயந்து அல்ல, அந்த லேபின் குளியலறைக்குப் பயந்துதான். வீட்டிலேயே எடுக்கலாம் என்பதை யாராவது அவர்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

பதினான்காம் நாள்

‘தலைக்குக் குளித்த பதினான்காம் நாள்’ என்ற கணக்கு எப்படியோ எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு. 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு மட்டும் அது பதினான்காம் நாளாக அமையும். 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு 21-ம் நாள் வாக்கில். 24 நாள் சுழற்சிக்காரருக்குப் பத்தாம் நாளே வந்துவிடும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு மைல்கல். முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும் ஆக ஆறு நாளில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கரு தங்கியது. மறுநாள் சேர்ந்தவர்களுக்குத் தங்கவில்லை. காரணம் எளிது. முட்டையின் ஆயுள் ஒரே நாள். விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை காத்திருக்கும். ஆகவே முட்டைக்கு முன்பே அணு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பதினான்காம் நாளுக்காக அதுவரை விரதமிருப்பவர்கள் நல்ல நாட்களையெல்லாம் வீணாக்கிவிட்டு, சில நேரம் முட்டை போன பிறகு சேர்கிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை சேர்ந்திருந்தால் நாட்காட்டியே தேவையில்லை.

நாள் குறிப்பதால் வரும் இன்னொரு தொல்லையை யாரும் வெளியே பேசுவதில்லை. ஸ்கேன் பார்த்துவிட்டு “இன்னைக்கும் நாளைக்கும்” என்று டாக்டர் சொல்லி அனுப்ப, வீட்டில் அம்மா உள்பட எல்லோருக்கும் அது தெரிந்திருக்க, அந்த இரவில் கணவனுக்கு இயலாமல் போவது மிகச் சாதாரணம். அது நோயல்ல. கட்டளைக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை, அவ்வளவே.

மாதத்தின் நடுவில் முட்டை வெள்ளைக்கரு போல இழுபடும் திரவம் வருவதை வெள்ளைப்படுதல் என்று பயந்து, அதற்கு மருந்து தின்னும் பெண்கள் நம் ஊரில் ஏராளம். அதுதான் முட்டை வெளிவரப்போவதை உடம்பு சொல்லும் அறிகுறி. நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால் மட்டுமே வைத்தியம். சேர்ந்த பிறகு கொஞ்சம் விந்து வெளியே வழிவதும் எல்லோருக்கும் நடப்பது. போக வேண்டிய அணுக்கள் சில நிமிடங்களிலேயே மேலே போயிருக்கும். காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருப்பதால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

(நாள் கணக்கில் நம் முன்னோர் கச்சிதமாக இருந்தது ஆடி மாதத்தில்தான். புதுமணத் தம்பதியை ஆடியில் பிரித்துவைத்தால் சித்திரை வெயிலில் பிரசவம் வராது. கணக்கு சரி. ஆனால் முப்பத்தைந்து வயதில் கல்யாணம் செய்துகொண்டவர்களையும் பிடித்துப் பிரித்துவைப்பது அவசியம்தானா என்று மாமியார்கள் யோசிக்கலாம்.)

சூடு, ரத்தம், ‘கழுவுதல்’

பெண் உடம்பைப் பற்றிய நம்பிக்கைகளில் முதலிடம் சூட்டுக்கு. கர்ப்பப்பை சூடு என்றொரு நிலை மருத்துவத்தில் கிடையாது. பழுத்த பப்பாளி கருத்தரிப்பைத் தடுக்காது. காய் பப்பாளியின் பாலில் உள்ள பொருட்கள் எலிகளின் கர்ப்பப்பைத் தசையைச் சுருங்கவைப்பதாக ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள், அதனால் கர்ப்பிணிகள் காயைத் தவிர்க்கலாம். பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இருவருக்கும் ஒரே ரத்த வகை என்பதால் குழந்தை தங்காது என்பது, படித்தவர்களும் நம்பும் கதை. ஜாதகத்தோடு ரத்த குரூப்பும் பார்த்து வரனைத் தட்டிக்கழிக்கிறார்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். தாய்க்கு நெகட்டிவ், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் அடுத்த குழந்தை பாதிக்கப்படாமலிருக்க ‘ஆன்டி-டி’ ஊசி போட வேண்டும். அதற்கும் கருத்தரிப்பதற்கும் தொடர்பில்லை. சொந்தத்தில் கட்டியதால் கரு தங்கவில்லை என்பதும் தவறு. அக்காள் மகளையோ அத்தை மகனையோ கட்டுவதில் உள்ள அபாயம் வேறு: பிறக்கும் குழந்தைக்கு மரபணு நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது. அது பேசப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் வேறு விஷயம்.

கர்ப்பப்பை பின்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்தால் வீடே கலங்குகிறது. ஐந்தில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். சிலருக்கு இடதுகைப் பழக்கம் இருப்பதுபோல ஒரு இயல்பு.

இவற்றையெல்லாம் சிரித்துக் கடக்கலாம். கடக்க முடியாதது ‘கர்ப்பப்பையைக் கழுவுவது’. குழந்தை தங்கவில்லை என்றால் ஒருமுறை ‘டி அண்ட் சி’ செய்து சுத்தப்படுத்தினால் தங்கும் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே செய்தார்கள். இன்றும் மாமியார்கள் கேட்கிறார்கள், சில இடங்களில் செய்தும் அனுப்புகிறார்கள். கர்ப்பப்பையில் கழுவ எதுவுமில்லை. தேவையில்லாமல் சுரண்டினால் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இல்லாத பிரச்சினை புதிதாக வரலாம். நம் நாட்டில் கருக்குழாயை அடைப்பதில் காசநோய்க்குப் பெரிய பங்கு உண்டு. சந்தேகம் இருந்தால் அதற்கான பரிசோதனைக்கு உட்சுவரிலிருந்து சிறு துணுக்கு எடுப்பார்கள். அது வேறு, கழுவுவது வேறு.

காப்பர்-டி போட்டால் பிறகு குழந்தை பிறக்காது என்ற பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் விற்ற ‘டல்கான் ஷீல்ட்’ என்ற கருத்தடைச் சாதனம் பல பெண்களுக்குக் கடும் தொற்றைக் கொடுத்து, வழக்குகளில் சிக்கி, சந்தையை விட்டே போனது. அந்தக் கெட்ட பெயர் காப்பர்-டி தலையில் விழுந்தது. 2001-ல் மெக்சிகோவில் நடந்த ஆய்வு, காப்பர்-டி போட்டிருந்ததற்கும் கருக்குழாய் அடைப்புக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். நிறுத்திய சில மாதங்களில் கருத்தரிக்கலாம்.

நீர்க்கட்டியும் வயதும்

நீர்க்கட்டி எனப்படும் பிசிஓடி ஸ்கேனில் வந்ததும் “கட்டியைக் கரைக்க” கிளம்பிவிடுகிறார்கள். அவை கட்டிகளே அல்ல. வெளிவராமல் பாதி வளர்ச்சியில் நின்றுபோன முட்டைப் பைகள். கரைக்க வேண்டியதில்லை, முட்டை வெளிவரச் செய்தால் போதும். உடல் எடை கூடியிருப்பவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகி முட்டை வரத் தொடங்கும். எண்பது கிலோ இருப்பவருக்கு அது நான்கு முதல் எட்டு கிலோ. அதற்கும் வராவிட்டால் லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. பிசிஓடி இருந்தால் குழந்தை பிறக்காது என்று பதினெட்டு வயதுப் பெண்ணிடம் சொல்லி அனுப்புவது அநியாயம்.

வயது விஷயத்தில் இரண்டு பக்கமும் பொய் இருக்கிறது. முப்பத்தைந்து தாண்டினால் கதவு மூடிவிடும் என்பது ஒன்று. இந்தப் பயத்தைப் பரப்பிய ஒரு பிரபலமான புள்ளிவிவரம், 1670 முதல் 1830 வரையிலான பிரெஞ்சுப் பிறப்புப் பதிவுகளிலிருந்து வந்தது என்றால் நம்ப முடிகிறதா? மின்சாரமும் மருந்தும் இல்லாத காலத்துப் பெண்கள் அவர்கள். ஐரோப்பியப் பெண்களைப் பார்த்து 2004-ல் டேவிட் டன்சன் குழு வெளியிட்ட கணக்கில், வாரம் இருமுறை சேரும் 35 முதல் 39 வயதுப் பெண்களில் 82 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் கருத்தரித்தார்கள். 27 முதல் 34 வயதில் அது 86 சதவீதம்.

எதிர்ப் பக்கத்துப் பொய், கருவை வெளியே உருவாக்கி உள்ளே வைக்கும் ஐவிஎஃப் இருக்கிறதே, நாற்பதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்பது. பெண் பிறக்கும்போதே பத்து இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறாள், புதிதாக ஒன்றும் உருவாவதில்லை. முப்பதுகளின் கடைசியில் எண்ணிக்கையோடு தரமும் வேகமாகக் குறைகிறது. தரத்தை ஐவிஎஃப் திருத்தாது. பிரிட்டனின் கருத்தரிப்பு ஆணையம் 2022-க்குத் தந்த கணக்கின்படி, உள்ளே வைக்கும் ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 18–34 வயதினருக்கு 35 சதவீதம். 43–44 வயதில் 5 சதவீதம்.

வயது பற்றிய பயத்தில்தான், முட்டை இருப்பைக் காட்டும் ‘ஏஎம்ஹெச்’ ரத்தப் பரிசோதனை இப்போது கல்யாணத்துக்கு முன்பே எடுக்கும் அளவுக்குப் பரவியிருக்கிறது. ஐவிஎஃப் செய்யும்போது எத்தனை முட்டை கிடைக்கும் என்று மதிப்பிட அது உதவும். இயற்கையாகக் கருத்தரிப்போமா என்பதற்கு அது பதில் சொல்லாது. 30 முதல் 44 வயதுவரை உள்ள 750 பெண்களிடம் நடத்தி 2017-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏஎம்ஹெச் குறைவாக இருந்தவர்களும் சரியாக இருந்தவர்களும் ஆறு மாதத்தில் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் கருத்தரித்தார்கள். மாதாமாதம் தேவை ஒரே ஒரு முட்டைதான்.

எப்போது போவது?

அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கும் அவசரம் புதுத் தம்பதியரின் பெற்றோருக்கு இருக்கிறது. எந்தக் குறையும் இல்லாத இளம் ஜோடிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். ஓராண்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் கருத்தரித்துவிடுவார்கள். ஆகவே 35 வயதுக்குள் ஓராண்டு பார்த்துவிட்டுப் போகலாம். 35-ஐத் தாண்டியவர்கள் ஆறு மாதம். நாற்பதைத் தொட்டவர்களும், மாதவிலக்கு வராமலே இருப்பவர்களும், வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை அல்லது காசநோய் வந்தவர்களும் காத்திருக்கவே வேண்டாம்.

இந்த ஓராண்டு, சேர்ந்து வாழ்ந்த ஓராண்டு. கணவர் துபாயிலிருந்து வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்துபோகிறார் என்றால், ஐந்து வருடக் கல்யாணத்தில் அவர்கள் முயன்றது ஐந்தே மாதம். அவர்களுக்கு வைத்தியத்தைவிட டிக்கெட் முக்கியம். இருவரில் ஒருவர் இரவு ஷிஃப்ட், ஒருவர் பகல் ஷிஃப்ட் என்றாலும் இதே கதைதான். பயத்தாலும் வலியாலும் உறவே நடக்காத கல்யாணங்களும் உண்டு; பல வருட சிகிச்சைக்குப் பிறகு, யாரோ ஒரு டாக்டர் தனியாகக் கேட்கும்போதுதான் அது வெளியே வரும்.

“கவலைப்படாதே, கவலைப்பட்டால் தங்காது” என்று உறவினர்கள் சொல்வது ஆறுதல் மாதிரி ஒலிக்கும் குற்றச்சாட்டு. 3,500-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஆய்வு, சிகிச்சைக்கு முன் இருந்த மனஉளைச்சல் ஐவிஎஃப் முடிவை மாற்றவில்லை என்றது. கரு வைத்த பிறகு பதினைந்து நாள் கட்டிலைவிட்டு இறங்காமல் கிடப்பதாலும் பலனில்லை. திருக்கருகாவூர் நெய்யை நாற்பத்தெட்டு நாள் சாப்பிடுங்கள், சஷ்டி விரதம் இருங்கள்; மனதுக்குத் தெம்பு தருவதை எந்த டாக்டரும் தடுக்கப்போவதில்லை. அந்த நாற்பத்தெட்டு நாளுக்குள் கணவர் ஒருமுறை லேபுக்குப் போய்வந்துவிட வேண்டும்.

சிகிச்சை என்று வந்தால் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மனைவிக்கு 50, கணவருக்கு 55 வயதைத் தாண்டினால் செய்ய முடியாது. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் செயற்கைக் கருத்தரிப்பு மையம் தொடங்கப்பட்டிருக்கிறது. தனியாரிடம் போனால், விளம்பரத்தில் சொல்லும் ‘வெற்றி சதவீதம்’ டெஸ்ட் பாசிட்டிவ் ஆனவர்களுடையதா, குழந்தையைக் கையில் வாங்கியவர்களுடையதா என்று கேளுங்கள். அணு மிகக் குறைவாக இருந்தாலும் முட்டைக்குள் ஒரே அணுவைச் செலுத்தும் ‘இக்ஸி’ முறை 1992-ல் பிரஸ்ஸல்ஸில் கண்டறியப்பட்டதிலிருந்து பல ஆண்கள் தங்கள் அணுவிலேயே தகப்பன் ஆகியிருக்கிறார்கள். விந்தில் அணு இல்லாத சிலருக்கும் விதைப்பையிலிருந்து எடுக்க முடிகிறது.

எல்லாம் செய்தும் நடக்காதவர்களிடம் ஊர் கடைசியாகச் சொல்லும் யோசனை: “ஒரு குழந்தையைத் தத்தெடுங்க, பின்னாலேயே சொந்தக் குழந்தை வந்துடும்.” தத்தெடுத்தவர்களில் சிலர் பிறகு கருத்தரிப்பதுண்டு, தத்தெடுக்காமல் விட்டவர்களிலும் அதே அளவுக்குத்தான். இன்னொரு குழந்தையை வரவழைக்கும் பரிகாரமாக ஒரு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவருவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் துரோகம். அந்தக் குழந்தையே வேண்டும் என்று நினைப்பவர்கள், மத்திய தத்தெடுப்பு ஆணையமான ‘காரா’வின் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கணவன், மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. காத்திருப்போர் பட்டியல் வருடக்கணக்கில் நீள்கிறது. ஆகவே ஐவிஎஃப் எல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருப்பவர்கள் இந்தக் கூட்டல் கணக்கை இப்போதே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.